மேற்பிரிவுக்குக் கேட்ட வாய்ப்பாடு

மழை பிடித்தால் என் அறைக்குள் முதலில் ஏறி வருவது ஈரச் சாக்கு மணம். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஹனிபா நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். இரண்டு தூறல் விழுந்ததும் நானா கடைவாசலில் பழைய கோணிச் சாக்குகளை விரித்துவிடுவார். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் செருப்பைத் துடைத்துத் துடைத்து, அது ஊறிப்போய், மணம் படியேறி வந்து என் கட்டிலோரம் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் நானா மேலே வந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில், ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டுவிடட்டுமா மிஸ் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்குச் செலவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார். அன்று மாலை ஒரு கிண்ணம் வட்டிலப்பம் வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் வட்டிலப்பம் வந்திருக்காது, மேல்மாடி மிஸ்ஸுக்கு மறை கழன்றுவிட்டது என்ற பேர்தான் வந்திருக்கும்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மணம் எனக்கு ஒரு வகுப்பறை.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். தகரக் கூரை, பாதிச் சுவர், ஐந்து வகுப்புகள், அத்தனைக்கும் ஒரே ஆள். வகுப்புகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்டேன். அதனால் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை, அந்தப் பாடம் நடத்தும்போது வாத்தியாரின் முகத்தைப் பார்ப்பது தவிர. மழை நாட்களில் கோணிச் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு வருவோம். குடை என்பது கணக்கப்பிள்ளை வீட்டுச் சாமான். வந்ததும் சாக்குகளைப் பின்சுவர் ஆணிகளில் மாட்டுவோம். அவை பகல் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும். ஈரச் சணலும் அடுப்புப் புகையும் கலந்து மண்டபம் கமகமக்கும்.

முன்பிருந்த மாஸ்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார். அவர் சொல்லித்தந்த எழுத்தெல்லாம் எங்களுக்கு மூக்கால்தான் வந்தது. அவர் மாற்றலாகிப் போனபின் மரகதம் டீச்சர் வந்தார். அன்றும் மழை. வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். கைக்குட்டை எப்போது வெளியே வரும் என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க வீட்டு வாசம் அடிக்குதே," என்றார்.

அப்படித்தான் தெரிந்தது, அவரும் எங்களைப் போலத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர் என்று. லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். லயத்திலிருந்து ஒரு டீச்சர் வரலாம் என்பதே எங்களுக்குப் புதினம். டீச்சர்மார் யாழ்ப்பாணத்திலிருந்து கோச்சி ரயிலில்தான் வருவார்கள் என்று நம்பியிருந்தோம், கருவாடு வருகிற மாதிரி.

இப்போது நினைத்துப் பார்த்தால் சின்னப் பெண். இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருந்திருக்காது. மெலிந்த உடம்பு, முணுக்கென்ற கோபம், சுண்ணக்கட்டியை எறிந்தால் குறி தப்பாது. ஆனால் லயத்தில் பிறந்து வளர்ந்தும் அட்டைக்குப் பயம். காலில் அட்டை ஏறிவிட்டால் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மேசைமேல் ஏறிவிடுவார். நாங்கள்தான் போய்ச் சவர்க்காரத்தைத் தடவி எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரையும் அதட்டமாட்டார். இந்த இரகசியம் தெரிந்த சிலர் வீட்டுப்பாடம் செய்யாத நாட்களில் ஓடைப்பக்கமாகப் போய் அட்டை பிடித்துக்கொண்டு வந்ததும் உண்டு.

டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. தோட்டத்தில் யார் யார் வீட்டில் உட்காரலாம் என்பது எழுதாத சட்டம். கிளாக்கர், கணக்கப்பிள்ளை வீடுகளில் அவரைக் கூப்பிடமாட்டார்கள், லயத்துப் பெண் என்று. லயத்துக்கு வந்தாலோ எங்கள் அம்மாமார் எழுந்து நின்றுவிடுவார்கள், டீச்சர் வந்துவிட்டார் என்று. இருக்கிற ஒரே ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு அவர்கள் சுவரோரம் நிற்பார்கள். பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் கீழே ரோட்டோர மதகில் உட்கார்ந்து ஹாலிஎல பக்கம் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏறமாட்டார். டீச்சருக்கு பஸ் என்றால் ரொம்பப் பிடிக்கும்போல என்று அப்போது நினைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு பஸ் பிடிக்காது.

எங்கேயோ போய்விட்டேன். வாய்ப்பாட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தோட்டத்தில் இரண்டு பிரிவு. பள்ளிக்கூடம், ஆபீஸ், கொழுந்து நிறுக்கிற மடுவம், கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா எல்லாம் கீழ்ப்பிரிவில். மேற்பிரிவில் எங்கள் லயமும் ஒரு மாரியம்மன் கல்லும்தான். பள்ளிக்கூடத்துக்கு வர, தேயிலை மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்குகிற ஒற்றையடிப் பாதை. ஓரிடத்தில் பாதையை ஒட்டியே செங்குத்தான வெட்டு. பட்டப்பகலில் அங்கே ஒரு பசுமாடு விழுந்து செத்திருக்கிறது. மார்கழி தையில் பனிமூட்டம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. இரண்டடி விலகினால் தேயிலைக்குள் மாட்டிக்கொள்வோம். எல்லாச் செடியும் ஒரே உயரம், எல்லா வரிசையும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வெள்ளை.

முதலில் நாங்கள் நாலு பேர் அந்தப் பாதையில் இறங்கினோம். ஒருவன் இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பத்தோடு போனான். இன்னொருத்தி பிறந்த தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டாள். மிஞ்சியது நானும் செல்வராணியும். ராணி எங்கள் பக்கத்துக் காம்பரா. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அவள் தும்மினால் என் அம்மா "நூறு வயசு" என்பாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். மூட்டத்தில் அவள் முன்னால் நடப்பாள், நான் அவள் கொங்காணிச் சாக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். போகிற வழியெல்லாம் மூட்டத்தைத் திட்டிக்கொண்டே போவாள். எனக்குச் சகல பயமும் உண்டு. அவளுக்குப் பயம் வாய்ப்பாடு ஒன்றுதான். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டுக்கு வந்தால் வண்டி நின்றுவிடும்.

டீச்சர் வந்த முதல் பனிக்காலத்தில் ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் வழி தவறி, தேயிலைக்குள் புகுந்து, கைகால் எல்லாம் கீறலோடு போய்ச் சேர்ந்தோம். அழுததில் சளி வேறு. அடுத்த மூட்ட நாளில் பள்ளிக்கூட மணி அடிக்க ஆரம்பித்து, நிற்கவேயில்லை. மணி என்றால் மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. நாங்கள் முற்றத்துக்கு வந்து தலையைக் காட்டும்வரை டீச்சர் அதை அடித்துக்கொண்டேயிருந்தார். சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்கினோம்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. மடுவத்திலும் அதே மாதிரி ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதை அடித்தால் பறித்த கொழுந்தை நிறுக்கக் கொண்டுவா என்று அர்த்தம். வெயில் நாளில் சூரியனைப் பார்த்து நேரம் கணிக்கிற பெண்கள், மூட்டத்துக்குள் நின்றுகொண்டு எதைப் பார்ப்பார்கள்? ஒரு காலையில், விடாமல் அடிக்கிற சத்தத்தை நிறுவை மணி என்று எடுத்துக்கொண்டு, மலையில் நின்ற அத்தனை பேரும் கூடையோடு இறங்கி மடுவத்தில் வந்து நின்றுவிட்டார்கள். கூடைகளில் அடிகூட மறையவில்லை. கணக்கப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம், கூட்டத்தைப் பார்த்தாராம், கடிகாரத்தை உதறிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, இது நின்றுபோயிற்று என்று தீர்மானித்துத் தராசை மாட்டினாராம். இந்தக் கதையை என் அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

தோட்டத்தை நடத்துகிற துரை சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். துரைமார் தமிழில் எல்லோரும் 'நீ'தான். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், அதற்குமேல் மணிச்சத்தம் கேட்டால் மரத்தோடு பிடுங்கிக்கொண்டு போவேன் என்றார். எங்கள் முன்னால், சுண்ணக்கட்டி எறிகிற எங்கள் டீச்சர், தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க" என்றார். எங்களுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. சாதிக்காய் கடித்தது மாதிரி எல்லோரும் முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். என் அம்மா, இனி மூட்டத்தில் பள்ளிக்கூடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மூட்டத்தில் நானும் ராணியும் அம்மாவுக்குத் தெரியாமல் பாதையின் தலைப்பில் வந்து நின்றோம். கீழே ஒரே ஒரு மணிச்சத்தம். பிறகு ஒன்றுமில்லை. திரும்பிவிடலாம் என்று ராணியே சொன்னாள், எதற்கும் பயப்படாத ராணி. அப்போதுதான் கேட்டது. மணி இல்லை. குரல். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டம்.

"ஓரெண்டு ரெண்டு. ஈரெண்டு நாலு."

டீச்சர் வந்திருந்த பிள்ளைகளை முற்றத்தில் மலையைப் பார்க்க நிறுத்தி, வாய்ப்பாடு சொல்லவைத்திருந்தார். துரை தடுத்தது மணியைத்தானே. வாய்ப்பாடு சொல்லாதே என்று எந்தத் துரை சொல்ல முடியும்? ஒவ்வொரு பிள்ளையாக வரவர அதுவும் வரிசையில் நின்று சேர்ந்துகொள்ளும். அதனால் பிந்தி வருகிறவர்களுக்குச் சத்தம் பெரிதாகக் கேட்கும். நாங்கள் இருவரும்தான் எப்போதும் கடைசி. ராணி குரலைப் பார்த்து நடப்பாள், நான் சாக்கைப் பிடித்து நடப்பேன். வெட்டுப் பக்கம் வரும்போது அனேகமாக ஆறாம் வாய்ப்பாடு போய்க்கொண்டிருக்கும். பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்தும் நாங்கள் வராவிட்டால் மறுபடி இரண்டிலிருந்து. கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளுக்கு எங்களைக் கண்டாலே எரிச்சல். தொண்டை கட்டிக்கொள்வது அவர்களுக்கு, நோகாமல் வருவது நாங்கள். ஒருநாள் ராணி கேட்டேவிட்டாள், நாங்கள் வராமலே போய்விட்டால் என்ன செய்வீர்கள் டீச்சர் என்று.

"வர்ற வரைக்கும் சொல்லுவோம்," என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கணக்கில் சூரப்புலி என்று வட்டாரக் கல்வி அதிகாரி பிற்பாடு பாராட்டினாராம். மூட்டத்தைத்தான் பாராட்டியிருக்க வேண்டும். பிள்ளைகள் மட்டுமா? குரல் மலைக்குக் கேட்கிறதே. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத என் அம்மா, கொழுந்து பறித்துக்கொண்டே பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை பாடமாக்கிவிட்டாள். என் தம்பியைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது எட்டாம் வாய்ப்பாட்டைத்தான் தாலாட்டு ராகத்தில் இழுப்பாள். மூட்ட நாட்களில் நான் வீட்டிலிருந்து நழுவுவதும் அதோடு அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் தடுக்கவில்லை. இது எதற்கு உதவும் என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். கணக்குப் போட என்றேன். சாமி பாட்டு என்று நினைத்திருந்தாள். முகம் கொஞ்சம் வாடிப்போயிற்று.

அது மாவுக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் வரிசையில் நின்ற காலம். கொழும்பில் பெரிய வீடுகளில் கூட்டிப் பெருக்க, குழந்தை பார்க்க, சின்னப் பெண்கள் வேண்டும் என்று ஒருவர் லயத்துக்கு வந்தார். மூன்று வேளையும் சோறு என்றார். ராணியின் அப்பா அதிகம் யோசிக்கவில்லை. ராணிக்கும் சந்தோஷம்தான். கொழும்பில் பனிமூட்டமும் கிடையாதாம், வாய்ப்பாடும் கிடையாதாம் என்று என்னிடம் சொன்னாள். நான் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன்.

அன்று சாயந்தரம் டீச்சர் தனியாக மேற்பிரிவுக்கு ஏறி வந்தார். கணுக்காலில் இரண்டு அட்டை. அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வழக்கம்போல ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். டீச்சர் அதில் உட்காரவில்லை. ராணியின் அம்மா கையைப் பிடித்து இழுத்து வாசல்படியில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். லயத்து ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். டீச்சர் பேசியது ராணியின் அப்பாவிடம்.

"அஞ்சாம் வகுப்பு முடியட்டும்ண்ணே. சோறு நான் போடுறேன். என்கூடவே இருக்கட்டும்."

"நீங்களே ஒண்டியாக் கெடக்கீங்க டீச்சர். நாளைக்கு ஒங்கள மாத்திட்டாங்கன்னா இவ எங்க போவா?"

டீச்சர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். அவர் இறங்கிப் போவதற்கு முன், வெள்ளிக்கிழமை வரை யோசித்துச் சொல்கிறேன் என்றார் ராணியின் அப்பா. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ராணியை அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றது, டீச்சர் மனசு நோகக் கூடாதே என்ற மரியாதைக்கு.

அன்று காலை மூட்டம். பிடித்துக்கொள்ளச் சாக்கு நுனி இல்லாமல் நான் தனியாக இறங்கினேன். அழுதுகொண்டே, ஆறாம் வாய்ப்பாட்டைக் குறிவைத்துக்கொண்டு. முற்றத்துக்கு வந்து சேர்ந்ததும் டீச்சர் எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ராணி எங்க?"

"மொத பஸ்ஸுல போயிட்டா டீச்சர்."

டீச்சர் கொஞ்ச நேரம் மூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, ம், சொல்லுங்கள், முதலிலிருந்து, என்றார். எல்லோரும் வந்துவிட்டோமே டீச்சர் என்று யாரோ முனகினார்கள். ஒரு சுண்ணக்கட்டி பறந்தது. மறுபடி பன்னிரண்டு வரை சொன்னோம். அந்தப் பனிக்காலம் முழுவதும், அடுத்த பனிக்காலமும், நான் வந்து சேர்ந்த பிறகு இன்னொரு சுற்று நடந்தது. கடைசி ஆளான எனக்கும் சொல்ல ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று எனக்காகவே டீச்சர் அதை வைத்தார் என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஆறாம் வகுப்புக்கு என்னைப் பதுளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் டீச்சர்தான். அந்த ஒருநாள் அவர் பஸ்ஸில் ஏறினார். டவுனில் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையான ஒருவர் வீட்டுப் பின்னறையில் தங்கினேன். முதல் வாரமே கணக்கு டீச்சர் என்னை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். சொன்னேன். அடுத்த வகுப்பு டீச்சர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வாய்ப்பாட்டை மெதுவாகச் சொல்லத் தெரியாது, மலைக்குக் கேட்கிற மாதிரி சொல்லித்தான் பழக்கம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. 'லவுட்ஸ்பீக்கர்' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் போகட்டும் என்று குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தித் தாழ்த்தி, பிறகு பேச்சே குறைந்துபோயிற்று. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், மிஸ் வந்திருக்கிறாரா லீவா என்று பக்கத்து மேசைக்காரருக்கே சந்தேகம் வருமாம்.

டவுன் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் பாடம், வெளியே நிற்பவர்களுக்கு வெளி. அது நியாயம்தான். ஆனால் இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் தனியாக நின்று ரொட்டி தின்றபோதெல்லாம், ஒரு பள்ளிக்கூடமே நான் வரும்வரை நின்று கத்தியது, நான் வந்த பிறகும் எனக்காக இன்னொரு முறை கத்தியது என்று நினைத்துக்கொள்வேன். அதை வைத்துக்கொண்டுதான் படித்தேன். சோதனைகளை எழுதினேன், வேலைக்குப் போனேன், அம்மா அப்பாவை அடக்கம் செய்தேன், தம்பி பிள்ளைகுட்டியோடு வெளிநாடு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷிக்கு அப்படி ஒன்று போதும் என்று இருந்துவிட்டேன்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது டீச்சரை மொனராகலைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். லீவுக்கு வந்து பார்த்தால் ஒற்றை அறையில் பூட்டுத் தொங்கியது. அடுத்த லீவில் வந்தபோது ராணியின் வீட்டாரும் இல்லை. தலைமன்னார் போகிற கோச்சியில் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். ஏறுகிறவர்களும் ஏற்றிவிடுகிறவர்களும் அழுகிற அழுகையில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். அந்த அழுகைக்கு நான் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ தும்மினார்கள்.

போன மாதம் நல்ல மழை. சாக்கு மணம் மேலே வந்தது. நானாவும் வந்தார், மறுபடி ரப்பர் விரிப்புப் பேச்சோடு. என்ன தோன்றியதோ, முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"லுணுகலையில ஒரு மரகதம் டீச்சர் இருக்காங்களே மிஸ். அவங்க மகன் நம்மகிட்டதானே பெயின்ட் எடுக்கிறாரு."

கடை மூடுவதற்கு முன் நம்பர் வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார். என்ன பேசுவது என்று குளித்துத் தலைவாரி, நேர்முகத் தேர்வுக்குப் போகிற மாதிரி ஒத்திகை பார்த்துவிட்டு எடுத்தேன். டீச்சர் குரலைக் கேட்டதும் என் குரல் தன்பாட்டில் மேலே ஏறிவிட்டது.

"ஏன் கத்துற? காது நல்லாத்தான் கேக்குது," என்றார்.

அதே கோபம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேர் சொன்னேன், தோட்டம் சொன்னேன், மூட்டம், மணி, வாய்ப்பாடு எல்லாம் சொன்னேன். துரையை ஞாபகமிருந்தது. கணக்கப்பிள்ளை கடிகாரத்தை உதறியதைச் சொல்லி அவரே சிரித்தார். என்னைத்தான் ஞாபகமில்லை. பதுளைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்ததைச் சொன்னேன். அப்படி எத்தனையோ பிள்ளைகளைச் சேர்த்தேனே, உன் முகம் பிடிபடவில்லை, கோபித்துக்கொள்ளாதே என்றார். பரவாயில்லை டீச்சர் என்றேன். மேற்பிரிவிலிருந்து வருவேனே என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மேப்பிரிவா? அப்ப செல்வராணிய ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரியும் என்றேன். ஏழெட்டில் தடுக்கி விழுவாளே அந்தப் பிள்ளை, என்றார். அவள் அப்பா வெள்ளிக்கிழமை வரை யோசிக்கிறேன் என்று சொன்னதை நேற்று நடந்தது மாதிரி சொன்னார். அன்றைக்கே கையோடு கூட்டிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"கப்பலேறும்போது அந்தப் புள்ளையக் கொழும்புல இருந்து கூட்டிக்கிட்டுத்தானே போனாங்க?"

"தெரியல டீச்சர்."

"விசாரிச்சுச் சொல்றியா?"

சரிங்க டீச்சர் என்றேன். போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அறுபதைத் தாண்டியவள், பத்து வயதுப் பிள்ளைமேல் பொறாமைப்பட்டால் யாராவது சிரிப்பார்கள். ஆனால் பட்டேன். நான் வந்து சேர்ந்த பிறகும் சொன்ன அந்த இன்னொரு சுற்று எனக்கில்லை. ராணி மூட்டத்துக்குள் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் டீச்சர் அதைச் சொல்லவைத்திருக்கிறார். இத்தனை வருஷமாக இன்னொருத்திக்கு வந்த சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கிறேன். ருசியாகத்தான் இருந்தது.

போன வாரம் பஸ் எடுத்துத் தோட்டத்துக்குப் போனேன். கீழே பள்ளிக்கூடம் இரண்டு மாடியாகிவிட்டது, ஓடு பதித்த தரை, பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். மேற்பிரிவுக்குப் பாதை இல்லை. கொழுந்து எடுப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். தேயிலை மரமாக வளர்ந்து காடாகிக் கிடக்கிறது. வழி விலக்கி ஏறிப் பார்த்தேன். லயத்துத் தகரம், மரம், கதவு எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அத்திவாரக் கல் தெரிந்தது, எது எங்கள் காம்பரா எது ராணியுடையது என்று சொல்ல முடியவில்லை. மாரியம்மன் கல்லையும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். திரும்பி இறங்கி வந்து, கீழ் லயத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், மேற்பிரிவில் இருந்த பழைய குடும்பங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். அந்தப் பெண் மரியாதையாகக் கொடியை விட்டு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மேப்பிரிவா? அப்படி ஒண்ணு இருந்துச்சாங்க?"

நேற்று டீச்சரே போன் எடுத்தார். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். விசாரிக்க அங்கே யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன் டீச்சர் என்றேன். நல்லதம்மா, அவசரமில்லை, தெரிந்ததும் சொல்லு என்றார். வைக்கப் போனவர் வைக்காமல்,

"ஒம் பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டார்.

சொன்னேன்.